ஐயாயிரத்து நாற்பதில் ஓர் இழை

வெயில் முகத்தில் விழுந்தும் நாற்காலியை நகர்த்தாமல் வீற்றிருக்கும் தலைவர் ஜெயவேல் அவர்களே, தறியை நிறுத்திவிட்டு வந்த பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு வந்த தாய்மார்களே, கணித மன்றத்து மாணவர்களே, வணக்கம்.

ஓர் எண்ணைப் பற்றிப் பேச வந்தேன். ஐயாயிரத்து நாற்பது.

நம் கட்டம் போட்ட புடவையில், நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளின் எண்ணிக்கை. இரண்டால் வகுங்கள். வகுபடும். மூன்றால்? வகுபடும். பத்து வரை எதனால் வகுத்தாலும் மிச்சமில்லை. ஒன்று முதல் ஏழு வரை பெருக்கிப் பாருங்கள், இதே எண் வந்து நிற்கும். அறுபது எண்கள் இதை மீதமின்றி வகுக்கும். அறுபது! என்ன தம்பி, பதினொன்றா? நல்ல கேள்வி. பதினொன்றுக்கு மசியாது. இரண்டு மிச்சம் வைக்கும்.

சென்ற மாதம் பாஞ்சாலை அக்கா தானே வரைந்த முதல் புடவையைத் தறியில் ஏற்றினார். கட்டத்துக்கு நாற்பத்திரண்டு இழை, நூற்றிருபது கட்டம். மறுநாள் காலை, புடவைகளைத் தேர்ந்தெடுக்கும் குழு வந்து பார்க்கும். கட்டம் கோணினால் புடவை திரும்பிவிடும். ஒரு சாண் நெய்தார். கடைசிக் கட்டத்தில் நாற்பத்தொன்றே இருந்தது.

பாவு எண்ணிய கந்தசாமி அண்ணன் ஓடி வந்தார்.

"இன்னா அண்ணே, ஒரு இழைய முழுங்கிட்டீங்களா?"

"பேஜாரு பண்ணாதம்மா! எண்ணிகினுதான இருந்தேன். கட்டத்த மாத்திக்க, நாப்பது வெச்சுக்க."

நாற்பது வைத்தார், மிச்சம். முப்பத்தைந்து, மிச்சம். என்னைக் கூப்பிட்டார். "சிவசங்கரி, இன்னாடி இது, எதுக்கும் அடங்க மாட்டேங்குது?"

அடங்காது. ஐயாயிரத்து முப்பத்தொன்பது பகா எண். ஒன்றும் தானும் தவிர எதுவும் அதை வகுக்காது. அறுபது பேருக்குக் கதவு திறந்த எண்ணுக்குப் பக்கத்து வீட்டில், எவருக்கும் திறக்காத எண்! இடையே ஒரே ஓர் இழை. எனக்கு மெய் சிலிர்த்தது. அக்காவுக்கு அழுகை வந்தது.

அந்த இழை எங்கே போயிற்று? அண்ணனை முதலிலிருந்து எண்ணிக் காட்டச் சொன்னேன். பாவு விரிக்கும்போது பூசைக்குக் கட்டுவோமே மஞ்சள் நூல், அதைத் தொட்டு "ஒண்ணு" என்றார். பூசை முடிந்ததும் அவிழ்த்துவிடும் நூல்!

"எப்பவும் இப்டித்தாங்க எண்ணுவேன்."

எப்போதுமா? சிரிக்காதீர்கள். கட்டமில்லாப் புடவையில் ஓர் இழை குறைந்தால் யாருக்குத் தெரியும்? எத்தனை வருடமாக நாம் பகா எண்களை உடுத்தியிருக்கிறோம்!

அக்கா கண்ணைத் துடைத்தார். நெய்ததைப் பிரித்தார். தனி நூற்கண்டில் ஒற்றை இழை சுற்றி, பாரத்துக்கு ஓர் இரும்பு நட்டு கட்டித் தறியின் பின்னால் தொங்கவிட்டார். ஓர் இழை. இரண்டால் வகுபட்டது. மூன்றால் வகுபட்டது. நாற்பத்திரண்டால் வகுபட்டது! கடைசிக் கட்டம் மூடியது. குழு தலையசைத்தது.

அந்தப் புடவை இதோ வாசலில் தொங்குகிறது. போகும்போது எண்ணிப் பாருங்கள். அண்ணே, நீங்களும்தான். மஞ்சளை விட்டுவிட்டு ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

கேட்ட செவிகளுக்கெல்லாம் நன்றி, வணக்கம்.