பூட்டை மாற்றிய பிரசிடென்ட்

மாலை ஐந்து இருபது. திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் செல்லும் பேருந்தில் முதலில் கண்ணில் பட்டது, முன் இருக்கைப் பெண்ணின் விரலில் சுழன்றுகொண்டிருந்த புதுச் சாவி. அவருக்கு நாற்பது வயதிருக்கும்.

“ரெண்டு வருஷமா பிரசிடென்ட்டுனு பேரு. இன்னைக்குத்தான் ஆனேன்,” என்றார், பக்கத்திலிருந்த பெண்ணிடம்.

“இன்னாக்கா சொல்ற?”

“பஞ்சாயத்து ஆபீஸ் சாவி கிளார்க்குகிட்டயே இருந்துச்சில்ல? அவரு இஷ்டத்துக்குத் தொறப்பாரு, நான் வெளிய நிப்பேன். நேத்து பூட்ட மாத்திட்டேன்.”

“ஐயோ! கத்தலையா?”

“காலையில தெருமுனையில நின்னு போன் பண்ணாரு, சாவிய யார்கிட்டயாவது குடுத்தனுப்புங்கனு. வீட்டுக்கு வந்து வாங்கிக்கங்கனு சொல்லிட்டேன்.”

“நம்ம காலனிக்கா? பதினாறு வருஷமா இதே ஊரு கிளார்க்கு, ஒரு நாள் காலடி வெச்சதில்லையே!”

“வெச்சாரு. டீ குடுத்தேன். வேணாம்னாரு. அப்ப உக்காருங்க, சாவியத் தேட நேரமாகும்னேன்.”

பக்கத்திலிருந்தவர் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

“குடிச்சாரா?”

“குடிச்சிட்டு, நாளைக்குச் சாவி வாங்க எத்தனை மணிக்கு வரட்டும் மேடம்னு கேட்டாரு.”

காலனி நிறுத்தத்தில் இருவரும் இறங்கினார்கள்.