நளீமின் போட்டுக்குப் பூட்டிய எஞ்சின்

தேத்தண்ணிக்கு நன்றி, சேர். சீனி கொஞ்சம் கூட, ஆனாலும் குடித்துவிட்டேன். நீங்கள் என் வாக்குமூலத்தை எழுதுங்கள். நான் மெதுவாகவே சொல்கிறேன்.

சாய்ந்தமருதுக் கரையில் மீன்பிடி போட்டு எஞ்சின் பழுது பார்க்கிற ஷிப்லி பாஸ் என்று என்னை எல்லோருக்கும் தெரியும். நளீம் என் தங்கச்சி ஸஹ்றாவின் மாப்பிள்ளை, மீன்பிடித் தொழில்காரன். 2004ஆம் ஆண்டு கடல் ஊருக்குள் வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது, என்னைக் காக்கா என்று கூப்பிடுகிற அவளுக்கு ஆறு. உம்மாவையும் வாப்பாவையும் ஒரே நாளில் அடக்கினோம். அதற்குப் பிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டது நான். காய்ச்சலில் பக்கத்தில் இருந்தது நான். எனக்குப் பெண் பேசி வந்தார்கள். வேண்டாம் என்றேன்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அதை யோசித்துத்தான் நளீமுக்குச் சம்மதித்தேன். அவளுக்கு நான் கட்டிக் கொடுத்த வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில்தான். அவள் சிரிப்பது எனக்குக் கேட்கும்.

நளீம் நல்லவன். அதை எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவனுடைய உம்மா வாழைச்சேனையில். அங்கே துறைமுகமும் இருக்கிறது. போய்விட வேண்டும் என்ற எண்ணம் அவனுக்கு எப்போதும் உண்டு. ஓடாத எஞ்சினை வைத்துக்கொண்டு புது ஊரில் தொழில் செய்ய முடியாது என்பதால்தான் அவன் இங்கே நின்றான். அந்தப் பழைய எஞ்சின் இரண்டு வருஷமாக மாதம் ஒருமுறை நின்றுபோகும். அதில் பாதி அதன் வயசு. மீதி என் கைவேலை. யாருக்கும் அதனால் கெடுதல் வரவில்லை.

கச்சான் காற்று தொடங்கிய கிழமை, அவன் நீர்கொழும்பிலிருந்து பாவித்த எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்தான். நல்ல சாமான். அஸர் தொழுகைக்குப் பிறகு கரையில் வைத்து அதைப் பூட்டத் தொடங்கினேன். பழைய துளைகள் அதற்குப் பொருந்தவில்லை. போட்டின் பின்பலகையில் புதிதாக நான்கு துளை போட்டேன். எஞ்சினின் மறுபக்கத்தை நளீம் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மச்சான், இது சரியா ஓடிச்செண்டா ஹஜ்ஜிப் பெருநாளோட நாங்க வாழைச்சேனைக்குப் போயிடுவம்," என்றான்.

"ஸஹ்றா?"

"அவவும் ஓம் எண்டுட்டா. ஒங்கள்ட்ட சொல்லப் பயந்துக்கு நிக்கா."

தொழுதுவிட்டு வரும்படி அவனை மஃரிபுக்கு அனுப்பினேன். இறுகினால் தளராத நட்டு நான்கும் என் பெட்டியில் இருந்தன. அவற்றைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, சாதாரண நட்டுப் போட்டு, கையால் மட்டும் இறுக்கினேன். எஞ்சின் கழன்றாலும் தண்ணீரில் விழாமல் பிடிப்பதற்கு ஒரு சங்கிலி உண்டு. அதன் ஒரு வளையத்தை அரத்தால் அராவி, மேலே கிறீஸ் பூசினேன். நாற்பது நிமிஷ வேலை. அவன் வந்ததும் கரையோரமாக ஒருமுறை ஓட்டிக் காட்டினேன். அழகாக ஓடியது.

மறுநாள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு கடலில் இறங்கினான். அவனோடு தொழில் செய்கிற காரைதீவுக் குணமும் கூடப் போனான். அவன் வருவான் என்று எனக்கு முதலே தெரியும். இரண்டு பிள்ளைகளின் தகப்பன். அதையும் யோசித்தேன்.

"நேர கிழக்கதான் மச்சான், பதினைஞ்சு மைல் போவம். பின்னேரத்துக்கிடையில வராட்டி அங்க வந்து பாருங்க," என்று சொல்லிவிட்டுத்தான் நளீம் போனான்.

வரவில்லை. மீனவர் சங்கத்துக்காரர்கள் ஆறு போட்டோடு தேடப் புறப்பட்டபோது என்னிடம்தான் கேட்டார்கள். தெற்கே, ஒலுவிலுக்கு அங்கால் என்று சொன்னேன். கச்சான் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. எஞ்சின் இல்லாத போட்டைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போகும். ஒரு துடுப்பை வைத்துக்கொண்டு அதற்கு எதிரே திரும்ப முடியாது. இது கரையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் நான் சொன்னால் நம்புவார்கள். மூன்று நாள் தெற்கே தேடினோம். முன் போட்டில் நான்தான் நின்றேன். வீட்டுக்கு வந்து ஸஹ்றாவுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். சின்ன வயசில் போலவே, என் கையால் குடித்தாள்.

பதினோராம் நாள் ஆழ்கடல் படகு ஒன்று அவர்களைக் கண்டது. குணத்துக்கு உயிர் இருந்தது. கொண்டுபோன தண்ணீர் முடிந்து, நளீம் ஏழாம் நாளே மௌத்தாகியிருந்தான். மறுநாள் பெய்த மழைதான் குணத்தைக் காப்பாற்றியது. மையித்தைக் குணம் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டுக் கடலில் இறக்கியிருக்கிறான்.

அவனைப் பார்க்க ஸஹ்றாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் நான்தான். குணத்தின் உதடு வெடித்திருந்தது. கதைக்கவே கஷ்டப்பட்டான்.

"கடைசி வரைக்கும் நம்பிக்கையோடதான் இருந்தார், தங்கச்சி. மச்சான்ட்ட இடம் சொல்லிட்டுத்தான் வந்தனான், அவர் நேர கிழக்க வருவார் எண்டு சொல்லிக்கொண்டே இருந்தார்."

ஸஹ்றா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"காக்கா, நீங்க என்னத்துக்குத் தெக்கால தேடச் சொன்ன?"

அவளிடம் நான் பொய் சொன்னதில்லை. அதனால் சும்மா நின்றேன். அன்றைக்கே வாழைச்சேனைக்கு மாமி வீட்டுக்குப் போய்விட்டாள். புருஷன் மௌத்தானால் இருக்கிற இத்தாவையும் அங்கேயே இருக்கப் போகிறாளாம். போன் எடுத்தால் வைக்கிறாள்.

எழுதியாயிற்றா, சேர்? நளீமைக் கொன்றது நான்தான். குணம் பிழைத்ததில் எனக்குப் பங்கில்லை. எல்லாவற்றுக்கும் கையெழுத்து வைக்கிறேன். ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். வாழைச்சேனைக்கு ஒரு ஆளை அனுப்பி ஸஹ்றாவைக் கூட்டி வாருங்கள். பிள்ளை பயந்துபோயிருக்கிறாள். நான் பக்கத்தில் இருந்தால்தான் அவளுக்கு நித்திரை வரும்.