எவரையும் கைவிடாத நகரம்

பத்தரை மணிக்கு வரவேண்டிய வடை பதினொன்றே காலுக்குத்தான் வந்தது. அன்று திட்டப்படி நடக்காத காரியம் அது ஒன்றுதான், மேடம்.

எங்கள் தூய்மைப் பணியாளர் செல்லதுரை வாய்க்காலுக்குள் இறந்ததைப் பற்றிக் கேட்கிறீர்கள். தெரிகிறது. அங்கேதான் வருகிறேன். நகராட்சி மேலாளராக இருந்து பலருடைய வாக்குமூலங்களை நான் திருத்திக் கொடுத்திருக்கிறேன். என்னுடையதைத் திருத்த ஆளில்லை. அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் நகர்மன்றத்தை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். தெருவிளக்குத் தீர்மானம் என்றால் மைக் உடையும். குப்பை வண்டித் தீர்மானம் என்றால் நாற்காலி. தலைவி மலர்க்கொடி வாயைத் திறந்தால் துணைத் தலைவர் புகழேந்தி எழுந்து எதிர்ப்பார்; தலைவி என்ன சொன்னார் என்பதை உட்கார்ந்த பிறகு பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வார். உடைந்த நாற்காலிகளுக்குப் பதில் புதியவை வாங்குவதற்கு ஒருமுறை கூட்டம் போட்டோம். அதில் மேலும் சில உடைந்தன.

இப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. உறுப்பினர்களும் ஊழியர்களும் வெளியிடத்தில் ஒன்றாகக் கூடவேண்டும். குழு மனப்பான்மையை வளர்த்துக்கொள்ளவேண்டும். அடுத்த ஐந்தாண்டுகளுக்கான தொலைநோக்கு வாசகம் ஒன்றை ஒருமனதாக எழுதி அனுப்பவேண்டும். ஒருமனதாக என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டிருந்தார்கள். ஆணையர் பணியிடம் காலி. ஏற்பாடு என்னிடம் வந்தது.

கும்பகோணம் பக்கத்தில் ஆற்றங்கரை ரிசார்ட் ஒன்றைப் பிடித்தேன். மேலே கீற்று, உள்ளே ஏசி. வாசலில் அலங்காரத்துக்கு ஒரு மாட்டுவண்டி. வீட்டில் டிராக்டர் வைத்திருப்பவர்கள் வரிசையில் நின்று அதில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

பயிற்சியாளர் ராம்கி சென்னையிலிருந்து வந்தவர். எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவர் முறை. தலைவியை “மலர்” என்றார். தலைவி சிரித்தார். பிறகு என்னை ஓரமாக அழைத்து, “அந்தத் தம்பிக்கு சொந்த ஊரு எது?” என்று மட்டும் கேட்டார்.

ராம்கி முன்கூட்டியே போனில் ஒன்று கேட்டிருந்தார். பயிற்சி நடக்கும் அதே நாளில் ஊரில் ஒரு பிரச்சினை தீர்ந்திருக்கவேண்டும். காலையில் எடுத்த படம், மாலையில் எடுத்த படம், இரண்டையும் திரையில் காட்டினால் உறுப்பினர்களுக்கு நம்பிக்கை பிறக்குமாம்.

பழைய பேருந்து நிலையத்துக்கு அடியில் போகும் வாய்க்காலை நான் தேர்ந்தெடுத்தேன். மேலே சிமெண்டுப் பலகை போட்டு மூடி, அதன்மேல் கடைகள் வந்துவிட்டன. உள்ளே குனிந்துதான் போகமுடியும். அது அடைத்துக்கொண்டு நாறுவது எல்லாக் கட்சிக்கும் பொதுவான ஒரே குறை.

எங்கள் சுகாதார ஆய்வாளர் சேரனுக்கு இதில் விருப்பமில்லை.

“சார், மேட்டூர் தொறந்தாச்சு. இன்னிக்கோ நாளைக்கோ தண்ணி நம்ம வாய்க்கா தலைப்புக்கு வந்துரும். இப்பப் போயி ஆள எறக்க வேணாம் சார்.”

“வந்தா காதர் மிஸ்டு கால் குடுக்கப் போறாரு. உனக்கென்ன?”

இதை விளக்கவேண்டும். காதர் மைதீன் ஊருக்கு மேல்புறம் ஆற்றிலிருந்து இந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் ஷட்டரைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர். அவருக்கும் சேரனுக்கும் இடையே ஓர் ஏற்பாடு உண்டு. எந்த விதியிலும் எழுதப்படாதது. அதனாலேயே இதுவரை ஒழுங்காக நடந்துவந்தது. ஷட்டரைத் தூக்கும் முன் காதர் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். வாய்க்காலில் ஆள் இருந்தால் சேரன் திரும்பக் கூப்பிடுவார். ஆள் ஏறும்வரை காதர் காத்திருப்பார். சேரன் கூப்பிடவில்லை என்றால் உள்ளே ஆளில்லை, ஷட்டர் தூக்கப்படும். பேசுவதற்குக் காசு ஆன காலத்துப் பழக்கம். இப்போது பேச்சு இலவசம். பழக்கம் மாறவில்லை.

முதல்நாள் மாலை செல்லதுரையை நானே அலுவலகத்துக்கு வரவழைத்துச் சொன்னேன். அவர் வாசற்படியில் நின்றார்.

“தண்ணி வருதுங்கறாங்களே சார்?”

“வந்தா சொல்லமாட்டமா துரை?”

“சொல்லிருவீங்க சார். அதுக்கில்ல. மவ இசைவாணிய மன்னார்குடியில காலேஜு சேக்கணும். மத்தியானத்துக்குள்ள ஏறிட்டன்னா பஸ்ஸப் புடிச்சிருவேன்.”

“படம் எடுத்ததும் ஏறிடு.”

கையுறை வாங்கிக் கொடுக்கச் சொன்னேன். படத்தில் தெரியும். மறுநாள் காலை அவர் உள்ளே இறங்கினார். அவருடைய மனைவி ராசம்மாள் வெளியே நின்று, அவர் அள்ளித் தரும் சேற்றைக் கூடையில் வாங்கிக் கொட்டினார். அவரும் நகராட்சித் தூய்மைப் பணியாளர்தான். கீழ்நிலை ஊழியர்களைப் பயிற்சிக்கு அழைத்துவர வேனில் இடமில்லை. குழு மனப்பான்மைக்கும் ஓர் அளவு உண்டு.

இனி போன்கள். எல்லாரும் போனை அமைதியில் வைத்தால் போதும் என்றுதான் ராம்கி சொன்னார். வாங்கி வைத்துவிடலாம் என்றது நான். ரிசார்ட் வரவேற்பறையில் பூ மிதக்கவிட்ட பெரிய பித்தளை உருளி இருந்தது. தண்ணீரைக் கொட்டிவிட்டு, கூடத்துக்குத் தூக்கிவரச் செய்து அதில் போன்களைப் போட்டேன். பித்தளையில் போன் அதிர்ந்தால் மணி அடித்ததுபோல் இருக்கும் என்று அடியில் துண்டு விரித்தேன். எதையும் யோசித்துச் செய்கிறவன் நான்.

சேரன் மட்டும் தயங்கினார். “சார், என்னோடத வச்சுக்கறேன். செல்லதுரை உள்ள இருக்கான்.”

“உன்ன விட்டா துணைத் தலைவர் சும்மா இருப்பாரா? போடு.”

“காதர் அண்ணன் கூப்பிட்டா?”

“நான் பாத்துக்கறேன்.”

என் போன் என் சட்டைப் பையில் இருந்தது. சாப்பாட்டுக்காரர் கூப்பிடுவார். ஒருவரிடமாவது போன் இருக்கவேண்டும் அல்லவா.

முதல் பயிற்சி, நம்பிக்கையோடு பின்பக்கமாக விழுவது. மற்றவர்கள் கைகோத்துப் பிடிக்கவேண்டும். துணைத் தலைவரை நிற்கவைத்தார்கள். அவர் திரும்பிப் பார்த்தார்.

“பின்னாடி யாரு? நாலாவது வார்டா? நான் விழல.”

“விழுங்கண்ணே, புடிச்சுக்குவோம்” என்றார் தலைவி.

“நீங்க புடிச்ச லட்சணந்தான் ஊருக்கே தெரியுமே.”

“உங்க வீட்டம்மாவ சேர்மனுக்கு நிறுத்தி விழுந்தீங்களே, அப்ப யாருண்ணே புடிச்சா?”

துணைத் தலைவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நான் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல தேக்கு. உடைந்தால் நகராட்சிதான் கட்டவேண்டும்.

பிறகு வாசகம். ‘முதன்மை நகரம்’ என்றார் தலைவி. அவர் கட்சிச் சுவரொட்டியில் அந்தச் சொல் இருக்கிறது என்று எதிர்த்தார்கள். ‘முன்மாதிரி நகரம்’ என்றார் ஒருவர். பக்கத்து நகராட்சி ஏற்கெனவே முன்மாதிரி என்று தெரியவந்தது. ‘தூய்மை’யைச் சொல்லும்போதே எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கடைசியில் ராம்கியே ஒன்றை எழுதினார். ‘எவரையும் கைவிடாத நகரம்.’ அதில் யாருடைய வார்டும் இல்லை, யாருடைய கட்சியும் இல்லை. யாருக்கும் எந்தச் செலவும் இல்லை. எதிர்க்க ஒன்றும் கிடைக்காமல் எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ராம்கி கடைசிப் பயிற்சியை அறிவித்தார். மௌன ஒப்புதல். எல்லாரும் வட்டமாக நிற்கவேண்டும். வாசகத்தை ஏற்பவர் கையை உயர்த்தவேண்டும். கடைசிக் கை உயரும்வரை கூடத்தில் யாரும் பேசக்கூடாது. ஒரு சொல் காதில் விழுந்தாலும் வாசகத்தை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

“சாப்பாடு?” என்று ஒருவர் கேட்டார்.

“அதுக்கப்புறம்தான் சார்.”

அமைதி உடனே வந்துவிட்டது.

கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. தலைவியின் கை, எதிர்க்கட்சிக் கைகள், பொறியாளர், கணக்கர், சேரன். நான் வட்டத்துக்கு வெளியே உருளிக்குப் பக்கத்தில் நின்றேன். துணைத் தலைவரின் கை மட்டும் பாக்கி. அது இடுப்புவரை வந்தது. மீசையைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றது.

உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம், மேடம். நான் பணியில் சேர்ந்த நாளிலிருந்து இவர்கள் ஒரு விஷயத்தில் ஒன்றுசேர்ந்து நான் பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கியது. அதை மறைக்கக் குனிந்தபோதுதான் உருளியில் சேரனின் போன் ஒளிர்ந்தது. ‘லஸ்கர் காதர்’ என்று பெயர் தெரிந்தது. இரண்டு முறை அடித்து அணைந்தது.

சேரன் எனக்கு முதுகு காட்டி நின்றார். கை நீட்டினால் தோளைத் தொடலாம். தொட்டால் திரும்புவார். திரும்பினால் கேட்பார். அவர் மெதுவாகப் பேசத் தெரியாதவர்.

ஷட்டரை நிறுத்தச் சொன்னால் என்ன ஆகும் என்றும் யோசித்தேன். கடைமடை விவசாயிகள் தண்ணீர் ஏன் தாமதம் என்று கேட்பார்கள். வாய்க்காலில் ஆள் இருந்தான் என்பார் காதர். அணை திறந்த பிறகு ஆளை இறக்கியது யார் என்று கேட்பார்கள். துணைத் தலைவரின் கை எங்கிருந்து வந்ததோ அங்கேயே போய்விடும். ஒரு நகரத்தின் ஐந்தாண்டுகளை நான் நினைத்துப் பார்க்கவேண்டியிருந்தது.

அதனால் நான் சேரனைத் தொடவில்லை.

சற்று நேரத்தில் துணைத் தலைவர் கையைத் தூக்கினார். எல்லாரும் கைதட்டினார்கள். தலைவி அவரைப் பார்த்து, “சாப்பிட வாங்கண்ணே” என்றார். அவரும் போனார். இது எங்கள் ஊர் வரலாற்றில் இல்லாதது. பிறகு குழுப்படம் எடுத்துக்கொண்டோம். உருளியில் சேரனின் போன் விடாமல் ஒளிர்ந்துகொண்டிருந்தது. ராசம்மாள். படத்தில் என் முகம் நன்றாக விழுந்திருக்கிறது, கோப்பில் பாருங்கள்.

சாப்பாடு முடிந்துதான் போன்களைத் திருப்பிக் கொடுத்தேன். சேரன் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். பேருந்து நிலையத்துக்கு அவர் போய்ச் சேரும்போது, கடைக்காரர்கள் கடப்பாரையால் சிமெண்டுப் பலகையைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். ராசம்மாள் ஒவ்வொரு பலகையாகக் காட்டி, “இங்க, இங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். மாலையில்தான் எடுத்தார்கள். அதற்குள் தண்ணீரின் வேகத்தில் சேறெல்லாம் போய் வாய்க்கால் சுத்தமாகிவிட்டது. படம் எடுத்திருந்தால் நன்றாக வந்திருக்கும். யாருக்கும் தோன்றவில்லை.

சேரனைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்த உத்தரவை நான்தான் எழுதினேன். லஸ்கரின் அழைப்புக்குப் பதிலளிக்கத் தவறியதற்காக. அவர் அதைப் படித்துவிட்டு, “நீங்க பாத்துக்கறேன்னீங்களே சார்” என்றார். எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை.

இரங்கல் கூட்டத்தில் எல்லாரும் எழுந்து மௌனம் காத்தார்கள். ஒருவர்கூட இருமவில்லை. பயிற்சி வீண்போகவில்லை என்று ராம்கிக்குச் செய்தி அனுப்பினேன். இசைவாணிக்குக் கருணை அடிப்படையில் வேலை தரவேண்டும் என்ற தீர்மானமும் ஒருமனதாக நிறைவேறியது. அப்பா பார்த்த அதே வேலை. அந்தப் பெண் வந்து கையெழுத்துப் போடவில்லை. காரணம் எனக்குப் புரியவில்லை.

இனி நீங்கள் கேட்ட விஷயம். மிஸ்டு காலுக்குப் பிறகு காதரின் எண்ணிலிருந்து என் போனுக்கு ஓர் அழைப்பு வந்ததாகவும், அது எடுக்கப்பட்டதாகவும் பதிவு இருக்கிறது என்கிறீர்கள். அதில் நான் என்ன பேசினேன் என்று கேட்கிறீர்கள். நான் எதுவும் பேசவில்லை. காதரும் அதையேதான் சொல்லியிருப்பார். அவர் பொய் சொல்லமாட்டார்.

பையில் போன் அதிர்ந்தது. அதிர்வை நிறுத்தத்தான் எடுத்தேன். எடுத்ததால் காதில் வைத்தேன். செல்லதுரை உள்ளே இருப்பது எனக்குத் தெரியும். நான் பதில் சொல்லாவிட்டால் காதர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்பதும் தெரியும். ஒரு சொல் போதும். வராந்தாவுக்குப் போகும் கதவு பக்கத்திலேயே இருந்தது. ஆனால் திறந்தால் கிறீச்சிடும். துணைத் தலைவரின் கை இன்னும் மீசையில்தான் இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். காதர் நிதானமானவர். அவசரப்படுத்தவில்லை. ஒரு முறை கேட்டார், கொஞ்ச நேரம் காத்திருந்தார், பிறகு இன்னொரு முறை கேட்டார்.

“மேனேஜர் சார், காதர் பேசுறேன். சேரன் தம்பி திருப்பிக் கூப்பிடல, ஆனாலும் மனசு கேக்கல, அதான் உங்களுக்கு அடிச்சேன். உள்ள ஆளு யாராச்சும் இருக்காங்களா சார்?”