நான்காம் கட்டம்

எனக்குக் கோடு போடுவது நன்றாக வரும். அளவுகோல் இல்லாமலே நேராகப் போடுவேன். முப்பது வருடம் கல்லூரியில் நடத்தை ஆய்வு முறைகள் பாடம் எடுத்து நான் சம்பாதித்த திறமை அது ஒன்றுதான். சொந்தமாக ஓர் ஆய்வும் செய்ததில்லை. தண்ணீரில் கால் நனைக்காமல் நீச்சல் சொல்லிக்கொடுத்த ஆசாமி நான். ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கும்போது ஒரு மாணவி, "சார், நீங்க செஞ்ச ஆய்வு ஏதாச்சும் காட்டுங்களேன்" என்று கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. மொத்த வகுப்பும் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டது. ஆரம்பம் அங்கேதான் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த வாரம் இடுப்பெலும்பு முறிந்த என் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். அம்மா போன பிறகு என்னை வளர்த்துப் படிக்கவைத்தவள். பின்னறையில் கட்டில் போட்டோம். படுத்தபடியே "தம்பி, தம்பி" என்று கூப்பிடுவாள். ஜன்னலைச் சாத்து, மூக்குக்கண்ணாடி எங்கே, மணி என்ன. ஓடிப்போய் நின்றால் பாதி நேரம், "ஒண்ணுமில்லடா, சும்மாதான் கூப்பிட்டேன்" என்பாள்.

வேறு யாராவது என்றால் எரிந்து விழுந்திருப்பார்கள். நான் படித்தவன், நோட்டு வாங்கினேன்.

தினமும் மாலை ஐந்திலிருந்து ஏழு வரை எத்தனை முறை கூப்பிடுகிறாள் என்று எண்ணினோம். ஒருவரே எண்ணினால் தனக்குச் சாதகமாக எண்ணிவிடுவார் என்பதால் இரண்டாவது ஆள் தேவை. என் மனைவியின் கையில் இன்னொரு நோட்டைத் திணித்தேன். முதல் கட்டத்தில் வழக்கம்போல் போய்ப் பார்த்தோம். சராசரி முப்பத்தெட்டு. இரண்டாம் கட்டத்தில் அந்த இரண்டு மணி நேரம் யாரும் போகவில்லை. பலன் கிடைக்காத நடத்தை தானாக அணைந்துவிடும் என்பது விதி. முதல் இரண்டு நாள் எண்ணிக்கை எகிறியது. மூன்றாம் வாரம் நான்குக்கு இறங்கியது. கோடு அவ்வளவு அழகாக இறங்கியதைப் பார்த்து, பரீட்சையில் தேறிய பையன் மாதிரி வரைபடத் தாளை அடுப்படிக்குத் தூக்கிக்கொண்டு போய் மனைவியிடம் காட்டினேன். அவள் தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

ஆனால் அக்கா வெறுமனே களைத்துப்போயிருக்கலாம் அல்லவா? எண்ணிக்கை குறைந்தது என்னால்தான் என்று நிரூபிக்க, பழைய நிலைக்குத் திருப்பிக் காட்ட வேண்டும். மூன்றாம் கட்டத்தில் ஒவ்வொரு அழைப்புக்கும் ஓடினேன். "என்னடா, புதுசா அக்கறை?" என்று அக்கா சிரித்தாள். நான் சின்ன வயதில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன கதையை மூன்று முறை சொன்னாள். நாற்பத்தொன்று.

"இப்படியே விட்டுடலாங்க," என்றாள் என் மனைவி. "அவங்க நல்லா இருக்காங்க."

"இன்னும் நான்காம் கட்டம் இருக்கே. மறுபடி குறைச்சுக் காட்டணும்."

"யாருக்கு?"

நியாயமான கேள்விதான். விடையை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

நான்காம் கட்டத்தின் இரண்டாம் நாள் அறை வாசலைக் கடந்தபோது அக்கா, "தம்பி, நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டேனாடா?" என்றாள். பதில் சொல்வதும் பலன் கொடுப்பதுதான். நோட்டில் ஒரு கோடு போட்டுவிட்டு நடந்தேன். ஆறாம் நாளே பூஜ்ஜியம்.

பதினோராம் நாள், ஆறே முக்காலுக்கு, ஏதோ விழுந்த சத்தம். கூப்பிட்டுப் பயனில்லை என்று தானே எழுந்து கழிவறைக்குப் போகப் பார்த்திருக்கிறாள். பிறகு "தம்பி" என்றாள். ஓங்கிய குரல். அணைந்த நடத்தை திடீரென்று ஒருமுறை தலைதூக்கும் என்று நான் முப்பது வருடமாகப் பாடம் நடத்துகிறேன். அப்போது இடம் கொடுத்தால் அத்தனை வார உழைப்பும் பாழ். மனைவி எழுந்தாள். அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைக் காட்டினேன். பதினைந்து நிமிடம் அவளும் நானும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். ஒன்பது அழைப்புகள். ஏழு மணி அடித்ததும் முதலில் ஓடியது நான்தான்; அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ், "உங்க அக்கா ரொம்பத் தங்கமானவங்க, ஒரு தடவைகூட மணி அடிக்கல" என்று பாராட்டினார். வீட்டில் கற்றது வேறு இடத்திலும் தொடர்கிறது. ஆய்வாளனுக்கு இதைவிட என்ன வேண்டும்? நடைவழியில் நின்று குறித்துக்கொண்டேன். அங்கே நான்காம் நாள் அக்கா மூச்சு முட்டி, யாரும் வருவதற்குள் இறந்துபோனாள். மணியின் பொத்தான் கைக்குள்ளேயே இருந்தது. "ஏன் அழுத்தாம விட்டாங்க?" என்று டாக்டர் எல்லோரையும் கேட்டார். எனக்கு மட்டும் விடை தெரியும். வெளியிடாத முடிவை வெளியே சொல்வது முறையல்ல என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

என் மனைவி போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து தன் நோட்டை உங்களிடம் கொடுத்தது சரிதான். ஒப்பிட்டுப் பாருங்கள், ஓர் எண்கூடப் பிசகாது. அக்காவைக் கொன்றது நான். இதில் மழுப்ப ஒன்றுமில்லை.

ஒரு விஷயம்தான் எனக்குப் புரியவில்லை. மூன்று மாதமாக என் மனைவி என்னை ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை. அவளை நான் ஒன்றுமே செய்யவில்லை.