பாறை மேல் ரோஸ் பனி

சாத்தூரிலிருந்து சிவகாசி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும். அவர் கையில் ஒரு போட்டோ. ஓடைத் தண்ணீர் பாலாக வழிகிறது. நடுப்பாறை மேல் ரோஸ் நிறத்தில் ஏதோ புகை.

"இதுல நான் எங்கங்க?"

"அந்தப் புகைதான் நீ. கேமரா பத்து நொடி திறந்தே இருக்கும், ஆடாம உக்காருன்னு சொன்னேன்ல? விழுந்து விழுந்து சிரிச்ச, கலைஞ்சு போன."

"ஐயோ, காலண்டர் கம்பெனி முதலாளி வேண்டாம்னுட்டாரா?"

"எடுத்துக்கிட்டாரு. விடியக்காலப் பனியில வெயில் பட்டுச் செவந்திருக்கு, அம்புட்டு அழகுன்னாரு."

"என் சேலைன்னு சொன்னீகளா?"

"சொல்லல."

அவள் சீட்டே ஆடும்படி சிரித்தாள். "அப்ப வருசம் பூரா என் சிரிப்புக்குக் கீழதான் ஊரே தேதி கிழிக்கப் போகுது!"