வெரோனா அம்மையார் போடவிடாத கையெழுத்து

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் அவர்களே, வழக்கறிஞர் சங்கத் தலைவர் அவர்களே, வெரோனா அம்மையாருக்கு இறுதி மரியாதை செலுத்தப் பக்கத்துத் தீவுகளிலிருந்து கடல் கடந்து வந்திருக்கும் உறவுகளே, ஆய்ஸ்டின்ஸ் மீன்சந்தையை இன்று மூடிவிட்டு வந்திருக்கும் என் சகோதரிகளே!

கடலோரக் காவல்படையின் பழைய கேப்டன் லிஸ்டன் ப்ராத்வெய்ட் பேசுகிறேன். எனக்குச் சட்டம் தெரியாது. சட்டத்தோடு சண்டை போட்டுத்தான் பழக்கம். அந்தச் சட்டத்தின் பெயர் வெரோனா கிரீனிட்ஜ்! அரசின் சட்ட ஆலோசகர், நம் தீவுகளின் மனசாட்சி, என் பிரியமான எதிரி!

பெரிய நாட்டின் தூதர் வந்த அன்று நானும் அந்த அறையில் இருந்தேன். வந்தவர் நேராகக் காகிதத்தை மேசைமேல் வைத்தார். நம் ஊரில் ரொட்டிக்கடையில் நுழைந்தாலும் காலை வணக்கம் சொல்லாதவனுக்கு ரொட்டி கிடைக்குமா? அம்மையார் காகிதத்தைத் தொடவே இல்லை.

"காலை வணக்கம்" என்றார்.

"கொஞ்சம் அவசரம், மேடம்."

"காலை வணக்கம்."

மூன்றாம் முறை சொன்ன பிறகுதான் தூதருக்கு உறைத்தது!

காகிதத்தில் என்ன இருந்தது? அவர்கள் நாட்டவர் எந்தக் கொடுமை செய்திருந்தாலும், உலகக் குற்றவியல் நீதிமன்றத்திடம் அவர்களை நாம் ஒப்படைக்கக் கூடாதாம். கையெழுத்துப் போடாவிட்டால் என் படைக்கு வரும் உதிரிபாகங்களும் பயிற்சியும் நிற்குமாம்.

"நாங்களும் சேர்ந்து கட்டின நீதிமன்றம் சார் அது. இன்னார் மட்டும் உள்ளே வர வேண்டாம்னு வாசல்ல எழுதி வைக்கவா கட்டினோம்?" என்றார் அம்மையார்.

தூதர் போனதும் அம்மையார் தீவு தீவாகத் தொலைபேசியில் அழைத்தார். தெற்குத் தீவின் அதிகாரி தயங்கினார். "வெரோனா, எங்க நிலைமை உனக்குத் தெரியாதா?"

"தெரியும்பா. ஆனா நீ ஒருத்தன் போட்டா, மத்தவங்களையும் ஒவ்வொருத்தரா மடக்குவாங்க. கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கோ."

கடித்துக்கொண்டார். நாமும் கடித்துக்கொண்டோம். உதவி நின்றது. என் பெரிய படகு கரையேறிக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து, மீன்பிடிக்கப் போன எல்ரிக்கின் படகு காணாமல் போனது!

எல்ரிக்கின் மனைவி மார்வா, சந்தை நடுவில் அம்மையாரை மறித்தாள். "உங்க நியாயம் பெருசுதான் மேடம். என் புருஷனைத் தேட அது நீந்திப் போகுமா?"

எல்லோர் வாயையும் அடைத்த அம்மையார் அன்று மார்வாவின் பக்கத்தில் மீன்பெட்டிமேல் உட்கார்ந்து, மறுபடி ஒவ்வொரு தீவையும் அழைத்தார். அந்தத் தெற்குத் தீவின் மீனவர்களே படகெடுத்துப் போனார்கள். இன்ஜின் நின்று மிதந்தவனை உயிரோடு இழுத்து வந்தார்கள். எல்ரிக், எங்கே இருக்கிறாய்? எழுந்து நில்லப்பா, எல்லோரும் பார்க்கட்டும்!

மறுநாள் மார்வா பறக்கும் மீன் பொரித்துக்கொண்டு அம்மையாரிடம் போனாள். "நன்றி சொல்ல வந்தேன்னு நினைச்சுக்காதீங்க. அடுத்த தடவையும் யாராவது வருவாங்கன்னு கடலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா நான்?"

மீனை ருசித்துச் சாப்பிட்டார் அம்மையார். அந்தக் கேள்விதான் அவருக்குச் செரிக்கவே இல்லை.

போன மாதம் அம்மையாரை மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன். நீதிமன்றத்தைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன்.

"கேப்டன், நம்ம படகு ஓடுதா?"

"ஒரு இன்ஜின்ல ஓடுதும்மா."

"அப்போ என் வேலை பாதிதான் முடிஞ்சிருக்கு. மார்வாகிட்ட சொல்லிடாதீங்க."

சொல்லிவிட்டேன், அம்மையாரே! கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு உங்களை ரொம்பத் தேடுகிறது.

சபையோரே, 'மாட்டோம்' என்று அவர் சொன்ன பாதியை யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டோம். மீதிப் பாதி அந்த இன்னொரு இன்ஜின். அது இன்றுமுதல் நம் வேலை. மார்வா, இனி அந்தக் கேள்வியை என்னிடம் கேள். சந்தை நடுவில், எல்லோர் முன்னாலும், சத்தமாகக் கேள்!