டிரைவருக்குப் பக்கத்து சீட்

என் முழுப் பெயரும் கதவு எண்ணும் தனித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது நாற்பத்திரண்டு. பேக்கரிக்குப் பக்கத்தில் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் கண்ணாடிக் கடை என்னுடையது. மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துப் பொருத்துவது தொழில். தெருவில் லென்ஸ்காரர் என்று கேட்டால்தான் தெரியும். கடைக்கு மேலே மனைவியுடன் குடியிருக்கிறேன். என்னை யாரும் பிடித்து வரவில்லை. நானாகவே நிலையத்துக்கு வந்து, அதிகாரி அவர்கள் கேட்க நான் சொல்லி, எழுதப்படுவது இது.

ரேஸ் டிராக்கில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவன் என் சிநேகிதன். பள்ளிக்கூடத்திலிருந்தே அவனுக்குச் சோடாபுட்டி என்று பெயர். அவ்வளவு தடிமனான கண்ணாடி. பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கும் லேபில் அவனுக்கு வேலை. நான் கண், அவன் பல். "வயசானா ஊரே நம்ம ரெண்டு பேர்கிட்டதான்டா வந்தாகணும்" என்று சொல்லிச் சிரிப்பான். நான் தொழில் பழகின நாளிலிருந்து அவன் முகத்தில் ஏறிய கண்ணாடி எல்லாம் நான் தேய்த்தது. வேறு கடையில் அவன் ஒரு ஸ்க்ரூ மாற்றியதுகூடக் கிடையாது. விஷயத்துக்கு வரும்படி அதிகாரி சொன்னதால் இத்துடன் நிறுத்துகிறேன்.

ஊருக்கு வெளியே இருக்கும் டிராக்கில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை யார் வேண்டுமானாலும் சொந்த வண்டியைக் கொண்டுபோய் ஓட்டலாம். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. வண்டியைச் சோதனைக்குக் காட்டிவிட்டு, ஹெல்மெட் போட்டுக்கொண்டு, சொன்ன நேரத்துக்குச் சுற்றி வரலாம். நானும் சோடாபுட்டியும், இருவர் மட்டும், ஒரு மலிவான பழைய கார் வாங்கி அங்கே ஓட்டிப் பழகுவது என்று முடிவு செய்தோம். 'இருவர் மட்டும்' என்பதற்கு அடிக்கோடு போடும்படி கேட்டேன். அப்படி வழக்கம் இல்லை என்று அதிகாரி சொன்னார்.

அதன் பிறகு சனிக்கிழமைதோறும் பழைய வண்டி விற்கும் இடங்களில் ஏறி இறங்கினோம். என் கணக்கு தெளிவானது. முதல் தடவை ஓட்டுகிறவனுக்கு வேகமான வண்டி எதற்கு? லேசான வண்டி போதும். சின்ன எஞ்சின், தெருவுக்குத் தெரு கிடைக்கிற பிரேக் கட்டை, சாதாரண அளவு டயர், இடித்தாலும் உட்கார்ந்து அழத் தோன்றாத உடம்பு. நான் தரைவிரிப்பைத் தூக்கித் துரு இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். கிட்டத்தில் பார்க்க அவனுக்குக் கண்ணாடி வேண்டாம், அதனால் அதைக் கழற்றி என் சட்டைப்பையில் போட்டுவிட்டு எஞ்சினுக்குள் தலையை விடுவான். அந்தச் சனிக்கிழமைகள் நன்றாக இருந்தன.

இந்த இடத்தில் என் மனைவியின் தம்பி வருகிறான். வயது முப்பத்து மூன்று, செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அவனை அங்கே கூட்டிக்கொண்டு போனது நான்தான். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். வந்த முதல் நாளே வாயைத் திறந்தான், பிறகு மூடவே இல்லை. போனில் வீடியோ பார்த்துப் பார்த்து எல்லாம் தெரியும் அவனுக்கு. பெரிய எஞ்சின், பின்னால் வால் வைத்த வண்டி, அதைத்தான் வாங்க வேண்டும் என்றான். நான் ஒன்று சொன்னால் சோடாபுட்டி "ம்" என்பான். அதையே மச்சினன் சொன்னால் "அட!" என்பான். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அதன் பிறகு ஒரு சின்ன வெள்ளை வண்டி என் கண்ணில் பட்டது. ஒரு டீச்சரம்மா பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் ஓட்டியது. ஒரு கதவு மட்டும் வேறு நிறம். அடியில் துரு இல்லை, எஞ்சின் சத்தத்தில் பிசிறு இல்லை. இதுதான் நம் வண்டி என்று சொன்னேன். "மாமா, இது காய்கறி வாங்கப் போற வண்டி" என்றான் மச்சினன். சோடாபுட்டிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, வாயெல்லாம் பல். எனக்கு வயிறு எரிந்தது. பொறாமையா என்று அதிகாரி கேட்டார். ஆமாம், பொறாமைதான், வேறு பெயர் எதற்கு?

அந்த வாரம் எனக்குக் கண்வலி வந்துவிட்டது. கண்ணாடிக் கடைக்காரனுக்கே கண்வலி என்று பேக்கரிக்காரர் கேலி செய்தார். கடையைப் பூட்டி வீட்டில் கிடந்தேன். நான் கிடந்த நேரத்தில் இவர்கள் இருவரும் போய் வண்டியை வாங்கிவிட்டார்கள். அதே வெள்ளை வண்டி! போட்டோ அனுப்பினார்கள். வண்டியின் மூக்கில் சாய்ந்துகொண்டு இருவர், மச்சினனின் கை சோடாபுட்டியின் தோளில். "ஒரு கண்ணத் தொறக்க முடியல, அந்தப் போட்டோவ எத்தன தடவதான் பாப்பீங்க?" என்று மனைவி போனைப் பிடுங்கி வைத்தாள்.

அதன் பிறகு வண்டியைச் சோடாபுட்டியின் வீட்டுப் பின்புறமுள்ள தகர ஷெட்டில் நிறுத்தி வேலை செய்தார்கள். பிரேக் கட்டை, பிரேக் ஆயில், டயர் எல்லாம் மாற்றினார்கள். இதில் மச்சினன் செய்த வேலை சுத்தமானது, அதில் நான் குறை சொல்ல மாட்டேன். பிறகு எடையைக் குறைக்கும் பைத்தியம் இருவரையும் பிடித்தது. ஸ்டெப்னி டயர் போனது, தரைவிரிப்பை உரித்தார்கள், தரை வெறும் தகரமானது. ஒருநாள் நான் போனபோது பின்சீட்டையும் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். நான் எங்கே உட்காருவது என்று கேட்டேன். "உன்னப் பின்னாடி உக்கார வெக்கலாம்னுதான் இருந்தேன். இப்பப் பின்னாடியே இல்லையேடா!" என்று சோடாபுட்டி சிரித்தான். டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஏற்கெனவே மச்சினனின் ஹெல்மெட் இருந்தது. நானும் சிரித்துவைத்தேன்.

ஹெல்மெட்டுக்குள் நுழைவதற்கென்று சோடாபுட்டிக்கு நேர்க்கம்பி வைத்த கண்ணாடி ஒன்று செய்து கொடுத்தேன். காதுக்குப் பின்னால் வளைந்த கம்பி ஹெல்மெட்டுக்குள் போகாது, இடிக்கும். அவன் போட்டுப் பார்த்துத் தலையை ஆட்டி ஆட்டிக் காட்டினான். "மாமா, எனக்கும் இதே மாதிரி ஒரு கூலிங் கிளாஸ்" என்றான் மச்சினன். ஸ்டாக் இல்லை என்றேன். ஸ்டாக் இருந்தது.

டிராக்குக்குப் போவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை மதியம், சாப்பாட்டு நேரத்தில் கடையைச் சாத்திவிட்டு, என் ஸாக்கெட் ஸ்பானர் பெட்டியை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் சோடாபுட்டியின் வீட்டுக்குப் போனேன். அவன் லேபில் இருந்தான். அவன் அம்மாவிடம் ஷெட் சாவி கேட்டேன். எதற்கு என்றுகூட அவர் கேட்கவில்லை. "உனக்கில்லாத சாவியா, எடுத்துக்கோப்பா" என்று சொல்லி, குடிக்க மோர் கொடுத்தார். குடித்தேன். அதன் பிறகு ஷெட்டைத் திறந்து, டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் நான்கு போல்ட்டையும் கழற்றி, மச்சினனின் ஹெல்மெட்டைத் தரையில் வைத்துவிட்டு, சீட்டை வெளியே எடுத்து, ஸ்கூட்டரில் கயிறு போட்டுக் கட்டி, ஷெட்டைப் பூட்டிச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். வழியில் சிக்னலில் எல்லாரும் பார்த்தார்கள். சீட்டைக் கடையின் உள்பக்கம், திரைக்குப் பின்னால் வைத்தேன். எனக்கு இடமில்லை என்றால் அவனுக்கும் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் என் திட்டம், அதற்கு மேல் எதுவும் இல்லை.

சாயங்காலம் ஸ்பானர் பெட்டியை அடுக்கும்போது பதினான்காம் நம்பர் ஸாக்கெட்டின் குழி காலியாக இருந்தது. போல்ட் தலையில் மாட்டித் திருகுகிற, கட்டைவிரல் பருமன் உள்ள இரும்புத் துண்டு அது, உருண்டால் எங்கே வேண்டுமானாலும் போகும். ஷெட் தரையில் விழுந்திருக்கும் என்று நினைத்தேன். போன் போட்டுத் தேடச் சொல்லியிருக்கலாம். சொன்னால், எதற்கு அங்கே போனாய் என்ற கேள்வி வரும். பெட்டியை மூடிவிட்டேன்.

மறுநாள் டிராக்குக்கு நானும் போனேன். என்ன கூச்சல் போடப் போகிறார்கள், யார் மேல் சந்தேகப்படப் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கூச்சலே இல்லை. எடையைக் குறைக்க மச்சினன்தான் அந்த சீட்டையும் எடுத்துவிட்டான் என்று சோடாபுட்டி நினைத்திருக்கிறான். சோடாபுட்டிதான் எடுத்தான் என்று மச்சினன் நினைத்திருக்கிறான். "நல்ல வேலை பண்ணினடா!" என்று இவன் சொல்ல, "நீங்க நெனச்சா சரியாத்தான் இருக்கும்ணே" என்று அவன் சொல்ல, இருவரும் கட்டிப் பிடித்துக்கொள்ளாத குறை. திருடியதுகூட என் கணக்கில் வரவில்லை. அங்கேயே சொல்லியிருப்பேன், ஆத்திரத்தில் தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.

அதன் பிறகு டிராக் ஆட்கள் வண்டியைச் சோதித்தார்கள். பெல்ட்டை இழுத்துப் பார்த்தார்கள், பேட்டரியை ஆட்டிப் பார்த்தார்கள், உள்ளே உருளுகிற சாமான் எதுவும் உண்டா என்று கேட்டார்கள். மச்சினன் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்து, ஒன்றும் இல்லை என்றான். ஸாக்கெட் டிரைவர் சீட் நகரும் இரும்புப் பட்டைக்கு அடியில் இருந்திருக்கிறது. நான் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். முதல் இரண்டு தடவையும் சோடாபுட்டி அழகாக ஓட்டினான். மூன்றாம் தடவை, நேர்ப்பாதை முடிந்து திரும்புகிற இடத்தில், முன் வண்டி பிரேக் பிடித்தது, அவனும் பிடித்தான், வண்டியின் மூக்கு லேசாகத் தாழ்ந்தது, பிறகு பிரேக் விட்டுப்போன மாதிரி நிமிர்ந்துவிட்டது. மூக்கு நிமிர்ந்ததும் எனக்கு அந்தக் காலிக் குழி ஞாபகம் வந்தது. வண்டி திரும்பாமல் நேரே போய் டயர் அடுக்கில் மோதியது.

காலில் எலும்பு முறிவு, தோளில் முறிவு, நெற்றியில் தையல், கண்ணாடி நொறுங்கிவிட்டது. பிரேக்கை மிதித்தால் அடியில் ஏதோ கல் மாதிரி தடுத்தது என்று சோடாபுட்டி சொன்னான். வெறும் தகரத் தரையில் உருண்டு வந்து பெடலுக்கு அடியில் சிக்கியிருந்த ஸாக்கெட்டை டிராக் ஆட்கள் எடுத்துக் கொடுத்தார்கள். உள்ளே பார்த்தவன் மச்சினன், பிரேக் வேலை செய்தவனும் மச்சினன். அவன் டூல் பெட்டி குப்பைக்கூடை மாதிரி இருக்கும். அந்த ஸாக்கெட் தன்னுடையது இல்லை என்று அவனாலேயே சொல்ல முடியவில்லை. அவன் கவனக்குறைவுதான் காரணம் என்று சோடாபுட்டியின் அண்ணன் இந்த நிலையத்தில் புகார் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் சோடாபுட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன உள்ள விடாதடா. நீ இருந்தாப் போதும்" என்றான். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைக்காமல் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். கதவுக்கு வெளியே மச்சினன் நின்றதைப் பார்த்தும், பார்க்காத மாதிரி இருந்தேன்.

அதன் பிறகு நேற்று மச்சினன் என் கடைக்கு வந்தான். முகம் செத்துப் போயிருந்தது. "என் கைதான் மாமா, என் அவசர புத்திதான். நாளைக்கு ஸ்டேஷன்ல ஒத்துக்கப் போறேன். ஆஸ்பத்திரியில இருக்கறவர்கிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, நீங்க சொன்னாத்தான் கேப்பாரு" என்றான். தண்ணீர் குடிக்கத் திரைக்குப் பின்னால் போனான். சீட் அங்கேதான் இருந்தது. அவன் திரும்பி வந்து, "சீட்ட உங்ககிட்டதான் குடுத்து வெச்சிருக்காரா? குடுப்பாரு. எதுன்னாலும் உங்ககிட்டதான். அந்த வண்டி வேணாம்னு நான் தலையால தண்ணி குடிச்சேன் மாமா. 'லென்ஸு பாத்து வெச்ச வண்டி, அதத்தான் வாங்குவேன்'னு ஒத்தக் கால்ல நின்னாரு. உங்களப் பாத்தா எனக்கு எரிச்சலா இருக்கும், தெரியுமா?" என்று சொல்லி அழுதான். அவனுக்கு என்மேல் பொறாமையாம்! சோடாபுட்டிக்கு நான்தான் முக்கியம் என்பது எனக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்திருக்கிறதே என்று அப்போதும் எனக்குக் கோபம்தான் வந்தது. அதன் பிறகுதான், என் தவறுக்கு அவன் மாட்டப் போகிறான் என்பது உறைத்தது. இரவு மனைவியிடம் சொன்னேன். "என் தம்பிக்கு முன்னாடி நீங்க போங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஸாக்கெட்டை வேண்டுமென்றே போட்டேனா என்று அதிகாரி கேட்டார். இல்லை. அவனுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரக் கூடாது என்று நினைத்தேன். அவனே இருக்கக் கூடாது என்று ஒரு நிமிஷம்கூட நினைத்ததில்லை. மச்சினன் மேல் தவறு இல்லை. பதினான்காம் நம்பர் குழி காலியாக உள்ள என் பெட்டியையும், சீட்டையும் ஒப்படைத்துவிட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதன் நகல் சோடாபுட்டிக்குப் போகும் என்று அதிகாரி சொன்னார். கண்ணாடி இல்லாமல் அவன் படிப்பதென்றால் தாளை மூக்கை ஒட்டிப் பிடிக்க வேண்டும். தோளில் கட்டு இருப்பதால் கை எழும்பாது, யாராவதுதான் படித்துக் காட்ட வேண்டும். இன்று சாயங்காலத்திலிருந்து அந்த ஸ்டூலில் யார் உட்கார்ந்திருப்பான் என்று எனக்குத் தெரியும். ஆகையால் விடியும் வரை உட்கார்ந்து புதுக் கண்ணாடி ஒன்று தேய்த்துக் கொண்டுவந்திருக்கிறேன். நெற்றித் தையலில் படாதபடி மூக்குத் தாங்கியை விரித்துக் கண்ணாடியைத் தாழ்த்தி வைத்திருக்கிறேன். முதலில் கண்ணாடியைக் கொடுத்து, பிறகு இந்தத் தாளைக் கொடுக்க வேண்டும். அவனே படிக்கட்டும். மச்சினன் படித்துக் காட்டக் கூடாது.

மேலே உள்ளது எல்லாம் நான் சொன்னது, நடந்தது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லவில்லை. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், கேட்டேன், சரியாக இருக்கிறது.

(கையொப்பம்)
லென்ஸ்காரர்

இணைப்பு: மூக்குக் கண்ணாடி ஒன்று, நேர்க்கம்பி வைத்தது, உறையுடன்.